அந்தப் புகைப்படம் யாருக்காக எடுக்கப்பட்டது? ஹங் லியுவை முன்வைத்து ஒரு கடிதம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாட்டியின் பழைய புகைப்படத்தை வைத்து நீ வரைந்த நான்கு ஓவியங்களையும் பார்த்துவிட்டு, "படத்தைப் பார்த்துப் படம் போட ஓவியர் எதற்கு?" என்று தேர்வாளர் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தபோது, கேட்ட தொனி தவறாக இருந்தாலும் கேள்வி நியாயமானது என்று பட்டது. அந்தக் கேள்வியோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிய ஓவியர் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உன் வகுப்பிலுள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அவர் பெயர் ஹங் லியு. சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால் ஊரில் அவர் லியு ஹங். அமெரிக்காவுக்குப் போனதும் பெயர் முன்பின்னாகத் திரும்பிக்கொண்டது. 1948இல் வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரத்தில் பிறந்தார். அவருடைய தந்தை, கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்ட தேசியவாதக் கட்சியான குவோமின்டாங்கின் படையில் இருந்தவர். லியு கைக்குழந்தையாக இருந்தபோதே கம்யூனிஸ்டுகள் தந்தையைச் சிறைப்பிடித்து உழைப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் முகம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்பதால், குடும்பம் தன் புகைப்படங்களைத் தானே அழிக்க வேண்டியிருந்தது. பின்னாளில் முன்பின் அறியாத மனிதர்களின் புகைப்படங்களைத் தேடித்தேடி எடுத்து வரைந்தவரின் கதை, தன் வீட்டுப் படங்கள் இல்லாமல் போனதிலிருந்து தொடங்குகிறது.

மாவோவின் பண்பாட்டுப் புரட்சியின்போது, 1968இல், 'மறுகல்வி' என்ற பெயரில் அவரைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகள் நெல்லும் கோதுமையும் விளையும் வயல்களில் வேலை செய்தார். நண்பர் ஒருவர் ஒப்படைத்துச் சென்ற கேமராவால் அங்கிருந்த விவசாயக் குடும்பங்களைப் படமெடுத்தார், அவர்களை வரையவும் செய்தார். பிறகு பெய்ஜிங்கில் ஓவியம் படித்தார். தலைவரையும் தொழிலாளரையும் போர்வீரரையும் பொலிவோடு தீட்டுவதே ஓவியம் என்று கற்பிக்கப்பட்ட காலம் அது. அந்த நாட்களில் அவர் சின்னஞ்சிறு வண்ணப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், எந்த முழக்கமும் இல்லாத ஒரு மரத்தையோ சுவரையோ வரைந்து மறைத்து வைத்தார். அந்த வரிசைக்குப் பின்னர் அவர் வைத்த பெயர் 'என் ரகசிய விடுதலை'. ஒரு மரத்தை வெறும் மரமாக வரைவதற்கு இத்தனை மறைப்பு வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்.

சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், பாஸ்போர்ட்டுக்காகச் சில ஆண்டுகள் காத்திருந்து, 1984இல்தான் அவரால் புறப்பட முடிந்தது. அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர், ஓவியத்தைச் சட்டகத்தை விட்டு வெளியே இழுத்து நிகழ்வாக மாற்றிய ஆலன் காப்ரோ. பெய்ஜிங்கில் கற்பித்த அந்தப் பொலிவான பாணியில், சோசலிச யதார்த்தவாதத்தில், கை பழகிய ஒருவருக்கு அது எத்தகைய திகைப்பாக இருந்திருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள்.

இப்போது உன்னுடைய கேள்விக்கு வருகிறேன். 1988இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்றுக்கு 'குடியிருக்கும் அந்நியர்' என்று பெயர். குடியேறியவர்களைக் குறிக்க அமெரிக்கச் சட்டம் பயன்படுத்தும் சொல் அது. பர்ஸுக்குள் அடங்கும் தன் குடியேற்ற அட்டையை, ஐந்தடி உயரம், ஏழரையடி அகலமாக, புகைப்படம், கைரேகை, எண்கள் சகிதம் அப்படியே பெரிதாக்கித் தீட்டினார். முதல் பார்வைக்கு உன் தேர்வாளர் சொன்ன அதே குற்றம்தான்: அட்டையைப் பார்த்து அட்டை போட்டிருக்கிறார். பெயர் இருக்கும் இடத்தைப் படித்தால்தான் விஷயம் புரியும். அங்கே அவருடைய பெயர் இல்லை. 'குக்கீ, ஃபார்ச்சூன்' என்றிருக்கிறது. அமெரிக்காவின் சீன உணவகங்களில் சாப்பிட்டு முடித்ததும் தருகிற, உள்ளே குறிசொல்லும் துண்டுச்சீட்டு வைத்து மடித்த பிஸ்கட்டின் பெயர் அது. சீனாவில் அப்படியொரு பலகாரம் வழக்கத்திலேயே இல்லை. சீனத்துப் பொருள் என்று அமெரிக்கா நம்புகிற, அமெரிக்காவிலேயே பரவிய ஒன்றின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். அடுத்து, பிறந்த ஆண்டைப் பார். 1948 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1984 இருக்கிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதில் முப்பத்தாறு ஆண்டுகள், சாங்சுன், வயல், தந்தை எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. அட்டை கொடுத்த அரசுக்கு அவர் பிறந்ததே அந்த ஆண்டில்தான். இதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல், அலுவலக எழுத்தில், முகத்தைத் துளியும் சுளிக்காமல் வரைந்திருக்கிறார். நான் இதை அச்சிலும் திரையிலும் மட்டுமே பார்த்தவன். ஆனாலும் அந்த எண்ணைக் கவனித்த கணம் நினைவிருக்கிறது.

1991இல் சீனா திரும்பியிருந்தபோது பெய்ஜிங்கில் ஒரு திரைப்பட நிலையத்தின் சேகரிப்பில் பழைய புகைப்படங்கள் சில அவர் கண்ணில் பட்டன. மன்னராட்சியின் கடைசிக் காலத்திலும் அதை ஒட்டியும் பாலியல் தொழிலில் இருந்த இளம்பெண்களை, வாடிக்கையாளர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக, ஸ்டூடியோவில் அலங்காரப் பொருட்களோடு நிறுத்தி எடுத்த படங்கள் அவை. பெயர்கள் இல்லை. அந்தப் பெண்களை அவர் ஆளுயரத்துக்கும் பெரிதாக வரைந்தார். முகத்தையும் உடையையும் கல்லூரியில் கற்ற பிடிப்போடு துல்லியமாக முடித்துவிட்டு, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயை வழியவிட்டார். எண்ணெய் வண்ணத்தைக் கரைத்துக்கொண்டு கன்னத்திலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து பட்டுச்சட்டைக்கும், அங்கிருந்து கேன்வாஸின் கீழ்விளிம்புக்கும் இழுத்துக்கொண்டு இறங்கும். கண்ணீர் என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த ஒப்புமை போதவில்லை. கேமரா ஒரு நொடியில் அந்தப் பெண்ணை விலைப்பட்டியலில் நிறுத்திவைத்தது. எண்ணெய் அந்த நிறுத்தத்தை இளக்கி அவளை நகரவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு குறையும் சொல்கிறேன். பழைய சீன ஓவியங்களிலிருந்து அவர் எடுத்து வைக்கும் தாமரை, பறவை, பட்டாம்பூச்சி எல்லாம் சில படங்களில் அளவுக்கு மீறிப் போய், முகத்தைப் பார்க்க விடாமல் செய்கின்றன. அந்தப் பெண்களுக்கு அவர் வைத்த படையல் அது என்பது தெரிந்தும் சொல்கிறேன்.

தந்தையை அவர் கண்டுபிடித்தது 1994இல், தம் நாற்பத்தாறாவது வயதில். அந்தச் சந்திப்பில் எடுத்த புகைப்படத்திலிருந்து 'தந்தையர் தினம்' என்ற ஓவியத்தை வரைந்தார். அழிந்த படங்களுக்குப் பதிலாக வந்த படம். அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் ரயில் தண்டவாளங்களை அமைத்து, அவற்றின் மேல் இரண்டு லட்சம் ஃபார்ச்சூன் குக்கீகளை மலையாகக் குவித்தார். சீனர்கள் அந்த நகரத்தைப் 'பழைய தங்கமலை' என்று அழைப்பார்கள். தங்கத்தை நம்பி வந்து, மலையைக் குடைந்து தண்டவாளம் போட்ட சீனத் தொழிலாளர்களுக்கான மலை அது.

கடைசிக் காலத்தில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கின் படங்களுக்கு வந்து சேர்ந்தார். 1930களின் வறட்சியிலும் பொருளாதார நெருக்கடியிலும் நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிய அமெரிக்க விவசாயிகளை, அரசு நிறுவனம் ஒன்றின் வேலையாக, லாங் படமெடுத்திருந்தார். 1936இல் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' உனக்குத் தெரிந்திருக்கும். சீனப் பெண்மணி ஒருவருக்கு அவர்களோடு என்ன உறவு என்று கேட்பவர்கள், அவர் நான்கு ஆண்டுகள் வயலில் நின்றவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளை முகங்களின் மேல், நிலவரைபடத்தில் மேடுபள்ளம் காட்டும் கோடுகளைப் போல, வண்ணக்கோடுகளை வலையாகப் பின்னினார். எண்ணெய் ஒழுகுவது இங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது.

2019 டிசம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கவிருந்த அவருடைய பெரிய கண்காட்சி, அதிகாரிகள் அனுமதி தராததால் நடக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 7 அன்று ஓக்லண்டில் புற்றுநோயால் காலமானார். வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி திறக்க அப்போது மூன்று வாரம்கூட முழுதாக இல்லை.

குடியேற்ற அட்டை, விலைப்பட்டியல், அரசு நிறுவனத்தின் கோப்பு. அவர் தொட்ட படங்கள் பெரும்பாலும் படத்தில் இருப்பவருக்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதைக் கவனித்திருப்பாய். ஆகவே எண்ணெயை வழியவிடுவதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே அம்மா. அதை இப்போது எல்லோரும் செய்கிறார்கள். நீ அனுப்பிய நான்கிலும் பாட்டி நேராக, காது இரண்டும் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது யாரோ நிற்கச் சொன்ன நிலை. அந்தப் படம் ரேஷன் அட்டைக்கா, பென்ஷனுக்கா, பெண் பார்க்கவா, எதற்காக எடுக்கப்பட்டது என்று உன் கடிதத்தில் எங்கும் இல்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய எண்ணோ இருந்தால் அதையும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஓவிய ஆசிரியர்