அறுப்புக்கு முன்னே தெளிக்கும் உளுந்து

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

மாட்டுப் பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது, "எக்ஸாம் முடியட்டும் சித்தப்பா, அதுக்கப்புறம்தான் எனக்கு வாழ்க்கையே" என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு அன்று மாலையே தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறிவிட்டாய். அந்தச் சொல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. நான்கு ஆண்டுகளாக அரசுப் பணித் தேர்வுக்கு அறை எடுத்துப் படிக்கிறவள் நீ. உன் உழைப்பில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. ஆனால் இதே சொல்லைச் சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்தும் பிள்ளைகள் நம் ஊரில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அதனால்தான், உன்னிடம் கேட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நம் ஆறு மா நிலத்தில் உளுந்து தெளித்தோம். பொன்மணி நெல் கதிர் சாய்ந்து நிற்கிறது. அறுப்புக்கு இன்னும் ஒன்பது பத்து நாள் இருக்கிறது. வடியவிட்ட வயல் இப்போது மெழுகுப் பதத்துக்கு வந்திருக்கிறது. காலை வைத்தால் அடி பதிகிறது, பதிந்த இடத்தில் தண்ணீர் ஊறவில்லை. அந்தப் பதத்தில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே நடந்து கைவீச்சாக விதைக்க வேண்டும். முந்தினால் விதை சேற்றில் அழுகும். பிந்தினால் மேல்மண் இறுகி முளைப்பு குறையும். அறுப்புக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் என்று பெரியவர்கள் கண்ட கணக்கைத்தான் இன்று வேளாண்மைத் துறையினரும் சொல்கிறார்கள். நெல்லை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோன பிறகு அந்த உளுந்துக்கு நாம் ஒரு குடம் தண்ணீர்கூட விடுவதில்லை. நெல் குடித்து மீந்த ஈரத்தையும் தை மாசிப் பனியையும் மட்டும் கொண்டு ஏறக்குறைய 70 நாட்களில் அது காய்த்துவிடுகிறது.

அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் இளம் செடிகளை நசுக்கிவிடுகிறது என்று நம் பக்கத்தில் பலர் இந்தப் பழக்கத்தையே கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. ஆள் வைத்து அறுத்தால் கூலி கட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் முடிந்தவர்கள் இரண்டு மாவிலாவது இதை விடாமல் வைத்திருக்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்வேன்.

விதையைத் தெளித்துக்கொண்டே நடந்தபோது உன் நினைவுதான். நெல் வீட்டுக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவனுக்கு உளுந்து கிடைக்காது. அறுத்து முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது ஈரம் போயிருக்கும். உன் தேர்வு நிற்கிற நெல். அதை விட்டுவிடு என்று நான் சொல்லவே மாட்டேன். அதன் ஊடே எதைத் தெளித்திருக்கிறாய் என்றுதான் கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீ பறவைகளுக்கு என்று ஒரு நோட்டு வைத்திருந்தாய். உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துக்கு என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து, நத்தைகுத்தி நாரையின் அலகு ஏன் நடுவில் மூடாமல் இடைவெளியோடு இருக்கிறது என்று கேட்டு, பதில் தெரியாத என்னைப் புத்தகம் தேட வைத்தவள் நீ. அந்த நோட்டு உன் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பதிவு நான்கு ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரு நாளில் பத்து மணி நேரம் படித்தாலும் ஈரம் கொஞ்சம் மீந்துதான் இருக்கும். காலையில் மொட்டைமாடியில் இருபது நிமிடம் போதும். தஞ்சாவூரிலும் பறவைகள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தியவன் நான். அறிவுரை சொல்வது எனக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது. அதனால் இனி சொல்லப் போவதை என் தவறுகளிலிருந்தே சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு நான் குறுவை நெல் வைக்க நினைத்திருந்தேன். மேட்டூர் அணை ஜூன் 12 அன்றுதானே திறப்பது வழக்கம், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளை வாய்க்காலில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையையும் நாணலையும் அள்ளாமல் விட்டுவிட்டேன். அந்த ஆண்டு அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. முறை வந்து தண்ணீர் எங்கள் தலைமதகுக்கு வந்தபோது என் மடைக்கு ஏறவில்லை. பக்கத்து வாய்க்கால்களில் ஏறி, மீந்தது வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று. இரண்டு நாள் ஆள் விட்டுச் சுத்தம் செய்து முடித்தேன். அதற்குள் முறை மாறிவிட்டது. 2024இல் நேர்மாறாக, ஜூலை 28 வரை அணை திறக்கப்படவில்லை. தண்ணீர் வரும் தேதி நம் கையில் இல்லை, கடைமடைக்காரன் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. வாய்க்கால் மட்டுந்தான் நம்முடையது. நீ அந்த வேலை கிடைத்த பிறகு வாழத் தொடங்குவதாகச் சொல்லும்போது, தண்ணீர் வந்த பிறகு வாய்க்கால் வெட்டலாம் என்று இருந்த என்னையே நான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம் பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும் விதைத்த நாளிலிருந்து எண்ணிப் பூப்பவை அல்ல. பகலின் நீளம் குறைந்துவருவதை உணர்ந்து பூப்பவை. ஆடியில் விதைத்தாலும் சரி, சோம்பிப்போய்ப் புரட்டாசியில் விதைத்தாலும் சரி, ஏறக்குறைய ஒரே காலத்தில் அவை கதிர் தள்ளிவிடும். முன்னே விதைத்தது தூர் கட்டி, இடுப்புயரம் வளர்ந்து, நிறைகதிராய் நிற்கும். பின்னே விதைத்தது நான்கு தூரோடு, குட்டைக் கதிரோடு அதே நாளில் அறுப்புக்கு நிற்கும். நீ பிந்தி வந்தாய் என்பதற்காகக் காலம் உனக்கென்று இன்னும் ஒரு மாதம் கூட்டித் தராது. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க எனக்கு அறுபது வயதாயிற்று.

எப்படி என்று சொல்கிறேன். உன் அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. நம் வயலுக்கு வரும் தண்ணீரை அது பிரியும் இடத்திலிருந்து நடந்தே பார்க்க வேண்டும். கல்லணையில் காவிரியை விட்டு வெண்ணாறு பிரிகிறது. தென்பெரம்பூரில் வெட்டாறு கிளைக்கிறது. நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் தனித்தனியே போகின்றன. கோரையாறு நம் வயல்களைத் தொட்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போய்க் கடலில் சேர்கிறது. இந்த வழி முழுவதையும் கரையோடு நடப்பது என்று 1989இல், எனக்கு வேலை கிடைத்த ஆண்டில், பேசி வைத்தோம். பிறகு அவர் கல்யாணம், என் கல்யாணம், வீடு கட்டியது, உங்கள் படிப்பு. "ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகட்டும்டா" என்றார் அண்ணன். ஆனோம். அவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னது அதே ஆண்டு.

நீ அதை அப்பாவின் மூட்டுவலி என்று மட்டும் அறிவாய். முப்பது ஆண்டுகளாக எங்கள் இருவரிடமும் கால் இருந்தது, கரை இருந்தது, சனிக்கிழமை இருந்தது. சேர்ந்தாற்போலப் பதினைந்து நாள் கிடைக்க வேண்டும் என்று காத்திருந்து, அந்தச் சனிக்கிழமைகளை எல்லாம் கைவிட்டோம்.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். நம் கூடத்தில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் காலையில் தாளைக் கிழித்தவுடன், அதன் பின்புறத்தில் அன்று நான் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை எழுதுகிறேன். பத்து எழுதிப் பார்த்தேன். பத்தும் நடக்காமல் மனம் சலித்தது. ஒன்று எழுதினால் அதற்கு வழி விட்டே மற்ற வேலைகள் அமைகின்றன. இரவில் அந்தத் தாளை ரசீது கோக்கும் கம்பியில் கோத்துவிடுகிறேன். வீணாய்க் கழிந்த நாளுக்குப் பழந்தமிழில் 'வீழ்நாள்' என்று பெயர். என் கம்பியிலும் வீழ்நாட்கள் இருக்கின்றன. அவற்றை நான் எடுத்துப்போடுவதில்லை, பார்த்துக்கொள்கிறேன்.

அப்படிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பெரிய தடையால் கெட்ட நாட்கள் குறைவு. வரப்பில் நண்டு வளை வைத்தால் என்னவாகும் என்று உனக்குத் தெரியும். மாலையில் வயல் நிறைந்திருக்கும். இரவெல்லாம் சத்தமில்லாமல் ஒழுகி, விடியும்போது மண் தெரியும். கைபேசி எனக்கு அப்படித்தான் இருந்தது. நண்டு வளையை மிதித்து அடைப்பதுபோல, காலை எட்டு மணி வரை அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உனக்கு எது வளை என்பதை நீதான் குனிந்து தேட வேண்டும்.

ஒவ்வொரு நாளையும் திணித்து நிரப்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நெல்லுக்கே எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால்தான் தூர் கட்டும். ஞாயிறு மதியம் நீ உறங்கினால் அது வீழ்நாள் ஆகாது, உறங்குவதென்று நீயே முடிவு செய்து உறங்கியிருந்தால்.

இனி, இந்தக் கடிதம் எழுதியதற்கான செய்தி. சென்ற புரட்டாசியில் ஒரு தாளின் பின்புறத்தில் "அண்ணனிடம் கல்லணை பற்றிக் கேட்பது" என்று எழுதினேன். அன்று மாலையே கேட்டேன். முழுவதும் நடக்க முடியாது, அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஊன்றுகோலை எடுத்து வாசலில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை பேருந்தில் கல்லணைக்குப் போனோம். அதன்பின் என் ஸ்கூட்டரில் சனிக்கிழமைதோறும் ஆற்றின் ஒரு துண்டு. அவரால் இயன்ற இருபது நிமிடம் கரையில் நடை, பிறகு ஏதாவது ஒரு மதகடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு. ஐப்பசி கார்த்திகை மழையில் ஐந்து வாரம் விட்டுப்போயிற்று. தென்பெரம்பூர் மதகில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். போன சனிக்கிழமை மூணாறு தலைப்பை எட்டிவிட்டோம்.

மிச்சம் இருப்பது நம் கோரையாறு. வழக்கப்படி ஜனவரி 28 அன்று மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதன் பிறகு ஆறு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போகும். தண்ணீர் ஓடும்போது பார்ப்பதற்கு எங்களுக்கு இனி ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது. மூணாறு தலைப்பிலிருந்து முதல் துண்டை அன்று பார்க்கிறோம்; தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலத்துக்கு விடியற்காலையிலேயே பேருந்து உண்டு. காலை ஆறரை மணிக்கு நாங்கள் மதகடியில் இருப்போம். மாலை ஐந்து மணிக்கு நீ உன் அறைக்குத் திரும்பிவிடலாம். உன் பறவை நோட்டை அண்ணியிடமிருந்து வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேனா நீ எடுத்து வா. நீ வரக்கூடும் என்று அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உன் சித்தப்பா