எழுத்தின் பெயரும் ஒலியும்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

யுகேஜி படிக்கும் மகன் ஏ முதல் இசட் வரை தடையின்றி ஒப்பித்தாலும் 'பின்' (pin) என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டால் விழிக்கிறான் என்றும், பள்ளியிலோ எழுத்துகளின் பெயரை விட்டுவிட்டு ஒலிகளையே சொல்லித் தருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். பள்ளி செய்வதே சரி. பி, ஐ, என் என்ற பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'பின்' வராது. ப், இ, ன் என்ற ஒலிகளைச் சேர்த்தால்தான் வரும்.

எழுத்துகளை ஒலிகளாகக் கற்பித்து வாசிக்கவைக்கும் ஃபோனிக்ஸ் பாடங்கள் பலவும் எஸ், ஏ, டீ, பி, ஐ, என் ஆகிய ஆறில் தொடங்குகின்றன. பின் (pin), டின் (tin), டிப் (tip), டேப் (tap), பேன் (pan) என்று இந்த ஆறைக் கொண்டே பல சொற்களைக் கட்டலாம் என்பதால், 26 எழுத்தும் முடியும்வரை காத்திராமல் குழந்தை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது.

வீட்டில் நாம் கெடுப்பது ஓரிடத்தில்தான். 'ப்' என்பதை 'ப' என்றும் 'ன்' என்பதை 'ன' என்றும் அகரம் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், ப-இ-ன என்று அடுக்கிய பிள்ளைக்குப் 'பின்' கேட்காது. மெய்யைத் தனியே ஒலிக்கப் புள்ளி எழுத்து பழகிய நமக்கு இது கடினமே அல்ல. 'பின்' என்பதன் முதலெழுத்தையும் 'பேட்' (bat) என்பதன் முதலெழுத்தையும் தமிழில் ஒரே 'ப'வால் எழுதுவதால் அவன் குழம்பலாம். ஆனால் அந்த வேறுபாடு அவன் காதுக்குப் புதிதல்ல: 'பல்' என்பதில் ஒன்றும் 'கம்பு' என்பதில் மற்றொன்றும் இருக்கின்றன. இரண்டையும் சொல்லவைத்து, தொண்டையில் விரலை வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வதை வாசிப்பு என்று எண்ணி மகிழாதே. படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேள். இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் தேர்வில் 40 சொற்களுள் 20 பொருளற்றவையாக வைக்கப்படுவது, மனப்பாடம் உதவாத இடத்தில் எழுத்தொலி தெரிகிறதா என்று பார்க்கத்தான். நீயும் அப்படிப் பொருளற்ற சொல் இரண்டைச் சேர்த்துக்கொள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகவும் இருக்கும்.

'செட்' (said, சொன்னான்) போன்ற முரண்டு பிடிக்கும் சொற்களைக் கண்டு முறையையே சந்தேகிக்க வேண்டாம். அதில் முதலும் கடைசியும் ஒலிப்படியே நிற்கின்றன. நடுவிலுள்ள ஏ, ஐ இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அத்தகைய சொற்களை ஒரே நேரத்தில் குவிக்காமல், இரண்டு மூன்றாகக் கொடு.

அன்புடன்,
அண்ணன்