சர்க்கரை நோயாளியின் மூக்கையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்வு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று பரவலாகத் தெரிந்திருக்கிறது. மூக்கைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. சர்க்கரை நோயாளிகளிடம், குறிப்பாகக் கால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம், வாசனை உணரும் திறன் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதத்தை மரத்துப்போகச் செய்யும் நுண்ரத்தக்குழாய், நரம்புப் பாதிப்பே மூக்கின் மேற்புறத்தில் உள்ள வாசனை நரம்புகளையும் தாக்குவதாகக் கருதப்படுகிறது.

மெல்ல மெல்லக் குறைவதால் நோயாளிக்கே இது தெரிவதில்லை. 'எதைச் சாப்பிட்டாலும் ருசியே இல்லை' என்பார், குழம்பில் உப்பைக் கூட்டுவார். ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் இதுவே தனிக் கெடுதல்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது கால் புண். புண்ணில் சீழ் பிடித்தால் வலி காட்டிக்கொடுக்கும், இல்லாவிட்டால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். கால் மரத்தவருக்கு வலி இல்லை; மூக்கும் மந்தமானால் நாற்றமும் இல்லை. கண்ணும் மங்கிய முதியவர் உள்ளங்காலை எப்படிப் பார்ப்பார்? தினமும் இரவில் வீட்டில் ஒருவர் அவருடைய உள்ளங்கால், விரலிடுக்கு, செருப்பின் உட்புறம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். காலுறை அணிபவருக்கு வெள்ளை நிறமே நல்லது, கசிவு உடனே தெரியும்.

இன்சுலினுக்கு ஒரு மருந்து நெடி உண்டு. கெடாமல் இருக்க அதில் சேர்க்கும் கிரெசால், பீனால் தரும் வாடை அது. ஊசி போட்ட இடத்தில் மருந்து கசிந்தால் பலர் இந்த வாடையை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். வாசனை தெரியாதவர்கள் பேனா ஊசியை 10 விநாடி தோலிலேயே வைத்திருந்து எடுத்தபின், அந்த இடத்தை டிஷ்யூ தாளால் ஒற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். தனியாக வாழும் நோயாளியின் சமையலறையில் கேஸ் கசிவு அலாரம் அவசியம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பொருத்த வேண்டும். மேலே மாட்டினால் தாமதமாகத்தான் ஒலிக்கும். கசிவு என்றால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம்.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். ஒரே மாதிரி நான்கு சிறு டப்பாக்கள். மூன்றில் காபித்தூள், சீரகம், குளியல் சோப்புத் துண்டு, நான்காவது காலி. ஊகித்துச் சொல்பவர்கள் அந்தக் காலி டப்பாவில்தான் மாட்டிக்கொள்வார்கள். நோயாளி கண்ணை மூடி, ஒரு நாசியை விரலால் லேசாக அடைத்துக்கொள்ள, மற்றவர் வரிசையை மாற்றி மாற்றி மூக்கருகே காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிட இடைவெளி. பிறகு அடுத்த நாசி. விக்ஸ், அமிர்தாஞ்சன், கற்பூரம் வேண்டாம். அவற்றின் குளிர்ச்சியையும் எரிச்சலையும் முகத்தின் உணர்வு நரம்பு சொல்லிவிடும்; வாசனை நரம்பு செத்திருந்தாலும் 'தெரிகிறது' என்பார்கள்.

தடுமாறினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாப் பழியையும் சர்க்கரை மீது போட்டுவிடக் கூடாது. மூக்கில் சதை வளர்ச்சி, சைனஸ், வைரஸ் காய்ச்சல், பார்க்கின்சன் நோயின் தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் திடீரென ஒரு பக்க மூக்கடைப்பு, முகவலி, கருஞ்சளி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2021-இல் கரும்பூஞ்சை எத்தனை கண்களைப் பறித்தது என்பதை மறந்துவிட முடியாது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். 'காபி வாசனை முன்போலத் தெரிகிறதா?' என்ற ஒரு கேள்வியை அவர்களின் பதிவேட்டில் சேர்க்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். செலவே இல்லாத வேலை இது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி