பன்னீர் திராட்சையின் வெள்ளைப் பூச்சு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சுருளிப்பட்டி சாலையில் இருக்கும் நம் தோட்டத்துக் கடையை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நிற்பவர்கள், குமுளி மலை இறங்கி வந்து பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு அன்றைக்கே மலையேறிவிடும் கட்டப்பனை, கோட்டயம் குடும்பங்கள், மாலை போட்ட சாமிமார் என எல்லோருக்கும் இந்தப் பந்தல் தெரியும். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பலர் போன் செய்து கேட்டீர்கள். கேட்காமலே வராமல் நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடியோவில் ஒருவர் நம் பந்தலுக்குள் நின்று, ஒரு குலையைக் கையில் பிடித்து, பழத்தின் மேல் இருக்கும் வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டி, "பாருங்க மக்களே, இவ்வளவும் விஷம்" என்கிறார். எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருந்தால் அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

அந்த வெள்ளை மருந்து இல்லை. திராட்சைத் தோல் தானே சுரக்கும் மெழுகு. பழத்துக்குள் இருக்கும் ஈரம் வெயிலில் வற்றிப் போகாமல் காப்பது அதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஒட்டாமல் உருண்டு ஓடும். சாம்பல் பூசணியின் மேல் கை வைத்தால் சுண்ணாம்பு போல ஒட்டுகிறதே, அதற்காக யாராவது அதை விஷப் பூசணி என்று சொல்லியிருக்கிறார்களா? பழம் வாங்கத் தெரிந்தவர்கள் இந்தப் பூச்சு கலையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கலையாமல் இருந்தால் பழம் அதிகம் கைபடவில்லை என்று அர்த்தம். அதனால்தான் எங்கள் ஆட்கள் காம்பைப் பிடித்துத்தான் வெட்டுவார்கள், பழத்தைத் தொடமாட்டார்கள். பளபளவென்று கறுப்பாக மின்னும் குலை நிறையக் கை மாறி வந்த குலை. வீடியோக்காரர் தேய்த்த குலையும் அப்படித்தான் ஆனது, அதை அன்றைக்கு யாரும் வாங்கவில்லை.

மருந்தே அடிப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. திராட்சை வைத்தவன் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. சாரல் பிடித்துவிட்டால் இலைக்கு அடியில் அடிச்சாம்பல் நோய் வந்து உட்கார்ந்துகொள்ளும், இரண்டு நாள் அசந்தால் பிஞ்சோடு போய்விடும். அதற்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, நூறு லிட்டர் தண்ணீரில் கரைத்து போர்டோ கலவை அடிப்போம். 1880-களில் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் தொடங்கிய மருந்து அது. பழத்தில் அது பட்டால் நீலம் கலந்த புள்ளி புள்ளியாகத் தெரியும், இப்படி ஒரே சீராகப் பூத்தாற்போல் இருக்காது. எந்தப் பழமானாலும் நன்றாகக் கழுவித்தான் சாப்பிட வேண்டும். இதைக் கடையில் எப்போதும் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. வீடியோவின் கடைசியில் "இவங்க நேத்து வந்த வியாபாரிங்க" என்கிறார். நேற்று வந்தவர்களா? 1895-ல் முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே இறங்கிய பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் பாய்ந்த இடமெல்லாம் நெல்லானது. எங்களுடையது வாய்க்காலுக்கு மேலே இருக்கும் மேட்டு நிலம். என் தாத்தாவின் அப்பா அதில் சோளமும் பருத்தியும் போட்டு, கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்துத்தான் பிழைத்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் எங்கள் கிணற்றில் ஊற்று ஏறும், ஓடாவிட்டால் பாறை தெரியும். இன்றும் அப்படித்தான். ஜூன் மாதம் தேக்கடியில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று நெல்காரர்களைவிட நாங்கள்தான் அதிகம் விசாரிப்போம்.

தாத்தா காலத்தில்தான் திராட்சை வந்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பக்கம் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள், எங்கள் காட்டுக்கு வந்து சேர அதற்குப் பிறகு வெகுகாலம் ஆனது. முதலில் மரக்கால் பந்தல்தான். கறையான் அரித்து, குலை பிடித்த நேரத்தில் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டதாம். அதன் பிறகுதான் கல்கால் நட்டார். அப்பா தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் கவாத்து பண்ண, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட, ஆரம்பித்தார். கவாத்து பண்ணி சுமார் நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். ஒரு துண்டு முடியும்போது அடுத்த துண்டு தயாராக இருக்கும். மற்ற ஊர்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரும் பழம் நமக்கு ஆண்டு முழுக்க வருவது இந்தக் கணக்கால்தான். கிணற்று மேட்டுக் கல்காலில் அப்பா தாரில் எழுதிய கவாத்துத் தேதிகள் இன்னும் அழியவில்லை. வீடியோ எடுத்தவர் அந்தக் காலில்தான் சாய்ந்து நின்று பேசினார். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை.

இனி நடப்பைச் சொல்கிறேன். எங்களிடம் வெகுகாலம் கவாத்து பார்த்த பெரியவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். எந்தக் கிளையில் எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பது அவர் கைக்குத்தான் தெரியும், ஒரு கணு ஏறினாலும் இறங்கினாலும் குலை குறையும். புது ஆட்கள் பழகிவருகிறார்கள், நல்ல பிள்ளைகள், ஆனால் கத்தரியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார்கள். அதனால் ஒரு துண்டு முடிந்து அடுத்தது வெட்டுக்கு வர இப்போது இடைவெளி விழுகிறது. கூலி, உரம், கம்பி, அட்டைப்பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. அதனால் வருகிற ஒன்றாம் தேதி முதல் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடும், இடைப்பட்ட வாரங்களில் அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பழமும் மேசையில் இருக்கும். ஜூஸ் விலை பழையபடியே.

வீடியோ வந்த மறு வாரமே கேரளாவில் இருக்கும் பாலா ஊரிலிருந்து ஒரு சேச்சி கார் நிறையச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கடை வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் கழுவிச் சாப்பிட்டுக் காட்டினார். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே செய்தார். பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு மிச்சச் சில்லறை வாங்க மறுத்தவர்களும் உண்டு. தேனி, உத்தமபாளையம், போடி பக்கத்திலிருந்து அப்பா காலம் முதல் வருகிறவர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தீர்கள். இதையெல்லாம் மறக்க மாட்டோம். மிகுந்த நன்றி.

சபரிமலை சீசனுக்கு வரும் வண்டிகளைச் சாலையில் விட வேண்டாம், கடைக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பந்தலுக்குள் வந்து படம் எடுக்க முன்போலவே காசு கிடையாது. பழத்தைத் தடவிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக மேசையில் ஒரு தட்டு தனியாக வைத்திருக்கிறோம், கொடியில் இருக்கும் குலையை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
திராட்சைத் தோட்டத்துக் கடை,
சுருளிப்பட்டி சாலை