பேரேரிக் கலிங்கைப் பழைய மட்டத்துக்கு உயர்த்தித் தரக் கோரும் ஐந்தாவது மனு

அனுப்புநர்:
கீழ்மடை ஊரார், மடைக்காவலர்கள், கடைமடைப் பயிர்க்காரர்கள்

பெறுநர்:
உயர்திரு நீர்நிலை ஆணையர் அவர்கள், தலைநகர்

பொருள்: முன்னாள் எல்லைக்கோட்டைத் தளபதியும் இந்நாள் நாட்டவை உறுப்பினருமானவர், ஏரிக்குள் தண்ணீர் பரவி நிற்கும் உள்வாயில் வளைத்துக்கொண்ட நிலம் முழுகாமலிருக்க, ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் கலிங்கை 2 முழம் இடித்துத் தாழ்த்தியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பேரேரியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். வருவாய்க் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் அந்தக் கலிங்கின் மேல் நடந்துதான் எங்கள் ஊருக்கு வருவீர்கள். அதனால் ஏரியின் நீள அகலத்தை எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என நான்கு மனுக்கள் கொடுத்துவிட்டோம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதில் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற முத்திரை மட்டும் விழுந்தது. நான்காவதுக்கு, கலிங்கு எந்தக் கரையில் உள்ளது என்று கேட்டு ஓலை வந்தது. தென்கரையில் இருக்கிறது ஐயா. தாங்கள் நடந்த அதே இடத்தில்தான் இருக்கிறது, 2 முழம் குறைந்து.

1. சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஆவணி அமாவாசை இரவில், கலிங்கின் மேல் பலகை அடைப்பதற்காக நட்டிருந்த குத்துக்கற்கள் 14-ம் பிடுங்கப்பட்டன. கற்கள் நின்ற கட்டுமானமும் 40 முழ நீளத்துக்கு 2 முழம் இடிக்கப்பட்டது. அந்தக் கற்களை எருது பூட்டி அசைக்க முடியாது. ஒரு கல்லுக்கு ஆறு யாளிகளாவது வேண்டும். இந்த மண்டலத்தில் யாளி இருப்பது கோட்டையில் மட்டும்தான். பிடுங்கிய கற்கள் கீழ்ப்பள்ளத்தில் கிடக்கின்றன. சங்கிலி உரசிய பள்ளம் ஒவ்வொன்றின் கழுத்திலும் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கிறது. பள்ளத்துக் களிமண்ணில் பதிந்த யாளி நகத்தடம் காய்ந்து இன்றும் கலையாமல் இருக்கிறது. அன்று அவர் தளபதி இல்லை, நாட்டவை உறுப்பினர். கோட்டை யாளிகள் யார் சொல்லி வந்தன என்று விசாரிக்கக்கூட ஆள் அனுப்பவில்லை.

2. ‘ஒன்பது முழத்தில் இரண்டு முழம்தானே, கால்வாசிகூட இல்லையே’ என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்களாம். ஏரி கிணறு அல்ல ஐயா. கிணறு மேலும் கீழும் ஒரே அகலம். ஏரி தட்டு மாதிரி, அடியில் குறுகி மேலே போகப் போக விரியும். அடி ஏழு முழத்தில் நிற்கும் தண்ணீர் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் அந்த மேல் இரண்டு முழத்தில் மட்டும் நிற்கும். அதனால் எங்களுக்குப் போனது பாதி ஏரி.

இரண்டு ஆண்டும் மழை குறையவில்லை. ஐப்பசி முதல் வாரத்திலேயே ஏரி நிரம்பி, தாழ்ந்த கலிங்கு வழியே இருபது நாள் ஆற்றுக்கு ஓடியது. நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மண்டலக் கணக்கிலோ ‘வறட்சி’ என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் சம்பா 150 நாள் பயிர். அறுப்புக்குப் பத்து நாள் முன்பு, அதாவது 140-ம் நாள் வரை வயலில் தண்ணீர் வேண்டும். மேல்மடைக்காரர்கள் பாய்ச்சிய பிறகுதான் முறைத்தண்ணீர் எங்களுக்கு வரும். அது பழைய வழக்கம், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் பாதி ஏரியில் அந்த முறை 112-ம் நாளோடு நின்றுபோகிறது. ஏழு நாளுக்கு ஒன்றாக நான்கு முறை தண்ணீர் இல்லை.

112-ம் நாள் என்பது பயிர் தொண்டைக்கதிராக, அதாவது கதிர் உறையை விட்டு வெளிவரத் தயாராக இருக்கும் நேரம். நாற்றாக இருக்கும்போது பத்து நாள் காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும், தூர் கட்டும்போது காய்ந்தால் தூர் குறையும், அவ்வளவுதான். தொண்டைக்கதிரில் காய்ந்தால் மீட்பே கிடையாது. கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராது. முக்கால் வந்து கழுத்தில் சிக்கி நிற்கும். வந்த பகுதியும் பால் பிடிக்காமல் வெளுக்கும். முற்றிய கதிர் தலை சாயும், இது விறைத்து நிமிர்ந்தே நிற்கிறது. இரண்டு விரலால் நசுக்கினால் காற்றுதான். ஒரு வேலி அளவு நிலத்துக்கு 100 கலம் நெல் கண்ட இடம் சென்ற தையில் 30 கலம் கொடுத்தது. அதையும் தூற்றியபோது பாதி பதராகப் பறந்தது. கடைமடையில் மட்டும் 38 வேலி இப்படி. வைக்கோலும் குட்டை. மாடு என்ன தின்னும்? விதைநெல் எங்கிருந்து வரும்? கடன் வாங்கி விதைத்ததுதான் இரண்டு சம்பாவும்.

கலிங்கை உயர்த்தித் தாருங்கள் ஐயா. வேறு எதுவும் கேட்கவில்லை.

3. ஏன் இடித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏரி நிரம்பினால் மேற்கு உள்வாயில் அவர் வளைத்துள்ள 22 வேலியும் முழுகும். அந்த நிலம் போரில் மாண்டவர் குடும்பத்துக்கு வழங்கும் உதிரப்பட்டி என்று 41 வீரர் பெயரில் செப்புப் பட்டயம் வைத்திருக்கிறார். அதே 41 பெயர்களையும் கோட்டையின் படிப் பட்டியலில் பாருங்கள். இவர் பதவி விட்ட மாதம் வரை ஆளுக்கு மாதம் 2 கலம் வீதம் 82 கலம் நெல் அளக்கப்பட்டிருக்கிறது. நிலத்துக்கு இறந்தவர்கள், நெல்லுக்கு உயிரோடிருப்பவர்கள். கணக்கெடுப்பு நாளில் சந்தைக் கூலிகளுக்கு வேல் கொடுத்து வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எழுதியுள்ள முகக்குறியை, நெற்றி வடுவையும் காது மச்சத்தையும், ஆளோடு ஒத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பெயரைக் கூப்பிட்டு ‘உள்ளேன்’ என்ற குரலை எண்ணிவிட்டுப் போனார்கள்.

பட்டயத்துக்குச் சான்றாக உள்வாய் மேட்டில் 41 நடுகல் நட்டிருக்கிறார். நடுகல் பொய் சொல்லாது என்பது தாங்கள் அறிந்ததே. அமாவாசை இரவில் கல்லில் நெய் தடவிப் பெயரை மூன்று முறை சொல்லி உள்ளங்கையை வைத்தால், மாண்டவர் பெயருக்குக் கல் வெதுவெதுப்பாகும். உயிரோடிருப்பவர் பெயருக்குச் சில்லிடும். பிறக்காதவர் பெயருக்குக் கல் வெறும் கல்லாகவே இருக்கும். வைகாசி அமாவாசையில் மடைக்காவலர் நால்வர் முன்னிலையில் பார்த்தோம். 29 கற்கள் வெதுவெதுத்தன. 7 சில்லிட்டன. 5 ஒன்றுமே செய்யவில்லை. நெய் பழையதாக இருந்தால் கணக்குத் தவறும் என்பதால் அன்று உருக்கிய நெய்யே பயன்படுத்தினோம். தங்கள் ஆட்கள் வந்து மறுபடி பார்க்கட்டும். உண்மையில் மாண்ட அந்த 29 பேர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு குழி நிலம்கூடப் போய்ச் சேரவில்லை.

4. கணக்குக் காட்டாதவர் பெயரை, நாட்டவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு எழுதக்கூடாது என்பது விதி. கோட்டைக் கணக்கை இவர் ஒப்படைக்கவே இல்லை. பெயர் குடத்துக்குள் எப்படிப் போனது என்பது தங்கள் துறை விசாரிக்க வேண்டியது அல்ல என்று தெரியும். அதை நாட்டவைக்குத் தனியே எழுதியிருக்கிறோம்.

5. மறுபடியும் தண்ணீருக்கே வருகிறோம். ‘மண்மூட்டை அடுக்கித் தற்காலிகமாக உயர்த்திக்கொள்ளுங்கள்’ என்று மண்டல எழுத்தர் வாய்மொழியாகச் சொன்னார். தயவுசெய்து அப்படி ஒரு ஆணை போட்டுவிடாதீர்கள். கலிங்கின் மேல் பிடிப்பில்லாமல் அடுக்கியது முதல் வெள்ளத்திலேயே நடுவில் பிய்யும். தண்ணீர் அந்த வாய் வழியே சாய்ந்து பாய்ந்து பக்கச்சுவரின் அடியை அரிக்கும். சுவர் போனால் அதை ஒட்டிய கரையும் போகும். கரை உடைந்தால் கீழே இருப்பது எங்கள் ஊர்.

செய்ய வேண்டியது இதுதான். இடிந்த மட்டத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, கருங்கல் வைத்து 2 முழம் கட்ட வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் இரண்டு பங்கு, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைத்த சாந்து. குத்துக்கற்களில் மூன்றில் ஒரு பாகம் கட்டுக்குள் புதைய வேண்டும், இல்லாவிட்டால் பலகை போட்டுக் களிமண் அடைக்கும்போது கல் சாயும். 14-ல் 3 கற்கள் உடைந்துவிட்டன, புதிதாக வெட்ட வேண்டும். கட்டி முடித்து வைக்கோல் மூடி 21 நாள் நனைக்க வேண்டும். ஆடி முதல் வாரம் தொடங்கினால் ஆவணிக்குள் சாந்து இறுகிவிடும். புரட்டாசியில் தொடங்கினால் பச்சைச் சாந்தின் மேல் வெள்ளம் ஏறும். அது கட்டாததற்குச் சமம்.

ஆள் நாங்கள் தருகிறோம், குடிமராமத்தாக 60 பேர். சுண்ணாம்பும் வெல்லமும் ஊர்ப் பொதுவிலிருந்து. கல் தூக்க ஆறு யாளிகளை நான்கு நாளுக்கு அனுப்பும்படி கோட்டைக்குத் தாங்கள் ஓர் ஓலை எழுதினால் போதும். இடிப்பதற்கு ஒரே இரவில் வந்த யாளிகள், கட்டுவதற்கு நான்கு நாள் வரக் கூடாதா? நான்கு மனுக்களிலும் இதைத்தான் கேட்டோம். இதைக்கூடச் செய்ய முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதி அனுப்புங்கள் ஐயா, அரசவையிடம் காட்ட எங்கள் கையில் ஒரு ஓலையாவது இருக்கட்டும்.

மரியாதை மீறி எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். கலிங்கை உயர்த்தித் தாருங்கள். ஆடி பிறக்க இன்னும் 19 நாட்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
கீழ்மடை ஊரார்