அலர்ஜி உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு: முதலில் ஊசி, பிறகுதான் மாத்திரை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அலர்ஜி உள்ள பிள்ளைகளின் பையில் செட்ரிசின் சிரப்பை வைத்து, "முதலில் இதைக் கொடுங்கள், கேட்காவிட்டால் ஊசி போடுங்கள்" என்று சிலர் சீட்டு எழுதி அனுப்புகிறீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கடுமையான அலர்ஜியில் இந்த வரிசை ஆபத்தானது. இனி அதன்படி நாங்கள் நடக்க மாட்டோம்.

செட்ரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும், அவ்வளவுதான். தொண்டை வீங்குவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ அவை நிறுத்தாது. விழுங்கிய மருந்து வேலை காட்டவே அரை மணி நேரம் போல ஆகிவிடும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசி சில நிமிடங்களில் வேலை செய்யும். எனக்குப் பெரிய பயமே, தடிப்பு அடங்கியதைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நாம் நம்பிவிடுவோமோ என்பதுதான். தூக்கம் வரவைக்கும் பழைய வகை மருந்தென்றால் இன்னும் சிக்கல். பிள்ளையின் கண் சொருகுவது மருந்தாலா, மயக்கத்தாலா என்று எப்படிச் சொல்வது? பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அனஃபிலாக்சிஸின் (உயிருக்கே ஆபத்தான கடுமையான அலர்ஜி) முதற்கட்ட சிகிச்சையில் ஆன்டிஹிஸ்டமினைச் சேர்க்கவில்லை.

குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், நாக்கு வீக்கம், முகம் வெளிறித் துவண்டுபோவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொடையின் வெளிப்பக்கத்தில், சீருடைக்கு மேலேயே ஊசி போட்டு ஆம்புலன்ஸை அழைப்போம். தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரலாம். பிள்ளையைப் படுக்க வைப்போம். மூச்சு திணறினால் கால்நீட்டி உட்கார வைப்போம். எழுந்து நடக்க விடமாட்டோம், ஆபீஸ் அறை வரைக்கும்கூட. 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான், சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும்.

வெறும் அரிப்பும் தடிப்பும் மட்டும் என்றால் நீங்கள் கொடுத்த சிரப்பைக் கொடுத்து, ஆசிரியர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்.

உங்கள் மருத்துவர் கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டத்தையும், அவர் எழுதிய ஊசி இரண்டையும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். அப்புறம், பிள்ளையின் எடையையும் பார்த்துவிடுங்கள். 30 கிலோவுக்குள் பொதுவாக 0.15 மில்லிகிராம் ஊசி, அதைத் தாண்டினால் 0.3. போன வருடம் வாங்கியது இப்போது போதாமல் போகலாம். ஊசிகளைப் பூட்டாத அலமாரியில்தான் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்