சுண்ணாம்பு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

கரிசல் மண்ணில் சுண்ணாம்பு கலந்து சோதனைக்காகப் போட்ட சாலைத்துண்டு இரண்டாவது மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது. போன வாரம் மூன்று மீட்டர் நேர்கோலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்தபடியே அளந்து பார்த்தோம். விரிசல் விடவில்லை, சக்கரத்தடம் அமுங்கவில்லை. ஆய்வறிக்கையும் முடிந்துவிட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல நான்கு வரி இடம் உண்டு. அதைப் பதவிகளே நிரப்பிவிட்டன. அங்கே இடம் கிடைக்காதவர்களுக்கு இந்த மடல்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மெல்லிய தாள்களை அடுக்கி வைத்தது போல இருக்கும். தாள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்கிவிடும். மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் அடியில் மண் இப்படி ஏறி இறங்கினால் சாலை எப்படி நிற்கும்? சாலைக்கு அடியில் இருக்கும் மண்ணின் பலத்தைச் சொல்ல சி.பி.ஆர். என்று ஒரு எண் உண்டு. நல்ல உடைகல்லுக்கு அது 100 என்றால், நான்கு நாள் தண்ணீரில் ஊறிய கரிசலுக்குப் பெரும்பாலும் 2, 3 என்றுதான் வரும். இந்த மண்ணில் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால், அதிலுள்ள கால்சியம் களிமண் துகள்களைத் திரள வைக்கும். சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்பு குறையும். அப்புறம் வாரக்கணக்கில், சிமெண்ட்டில் நடப்பது போன்ற பிணைப்பு மெதுவாக உருவாகி மண் இறுகும். இதெல்லாம் பழைய அறிவுதான். அங்கேயே இருக்கும் ஆட்களையும் டிராக்டரையும் வைத்து இதைச் செய்ய முடியுமா, செய்தால் நிற்குமா என்பதே எங்கள் கேள்வி.

முதல் முறை நிற்கவில்லை. ஆய்வகத்தில் அவ்வளவு அழகாக வந்த கலவை, சாலையில் ஒரே மழையில் சேறாகிவிட்டது. அளவு சரி, ஈரப்பதம் சரி, கணக்கும் சரி. எங்கே தப்பு என்று தெரியாமல் மாணவர்களும் நானும் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

ரோலர் ஓட்டும் அண்ணன்தான் வந்து, "சார், அந்த மூட்டையில கையை விட்டுப் பாருங்க. ஓரமெல்லாம் கட்டி தட்டிக் கிடக்கு. சுண்ணாம்புக்கு இருக்கிற காரமே இல்ல" என்றார். ஆய்வகத்துக்கு வந்தது அன்றே பிரித்த மூட்டை. சாலைக்குப் போனதோ வாய் திறந்தபடி வாரக்கணக்கில் கொட்டகையில் கிடந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சினால் நீற்றிய சுண்ணாம்பு திரும்பவும் சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும். மண்ணோடு வினைபுரியும் சக்தி போய்விடும். அந்த மூட்டைப் பொடியில் ஒரு துளி அமிலம் விட்டதும், சுண்ணாம்புக்கல்லைப் போலவே பொங்கி நுரைத்தது. பாடப்புத்தகத்தில் நான் பலமுறை படித்த வேதிவினைதான். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கு என் முதல் நன்றி. அவர் சொன்னது அறிக்கையில் தனி அத்தியாயமாகவே இருக்கிறது.

அடுத்த நன்றி எங்கள் ஆய்வக உதவியாளர் அக்காவுக்கு. இரண்டாவது முறை புதுச் சுண்ணாம்பைப் போட்டு, ரோட்டவேட்டர் பூட்டிய டிராக்டரால் உழுது கலந்தபோது, எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஃபீனால்ஃப்தலீன் கரைசலைப் பூச்சிமருந்து தெளிப்பானில் ஊற்றி அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டவர் அவர்தான். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அது பட்டால் அடர்ந்த ரோஜா நிறம் வரும். அன்று மாலை ஒரு குழி வெட்டி, அதன் சுவரில் தெளித்தோம். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு ரோஜா நிறம் ஏறியது. அதற்குக் கீழே கறுப்பு. நடுநடுவே முட்டை முட்டையாகக் கறுப்புக் கட்டிகள், சுண்ணாம்பே தொடாதவை. சுற்றி நின்றவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டிராக்டர் ஓட்டும் தம்பி குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு சால் ஓட்டணும், இன்னும் ஆழமா" என்று சொல்லி அப்போதே வண்டியைக் கிளப்பினார். மறுநாள் வரை மண்ணை அப்படியே ஊறவிட்டு, கட்டிகள் உதிர்ந்த பிறகு திரும்பவும் உழுது, அதன் பிறகே ரோலரை ஏற்றினோம்.

இந்த இடத்தில் நாங்கள் நேரில் பார்த்தே இராத சிலரையும் நினைத்துக்கொள்கிறேன். மண்ணைக் கையால் உருட்டி, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் திரி உடைகிறதா என்று நாங்கள் தினமும் பார்த்தோமே, அந்தச் சோதனையின் மூலம் 1911-இல் சுவீடனின் அட்டர்பெர்க் செய்த வேலை. எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் மண் நன்றாக இறுகும் என்பதை அணை கட்டும் வேலையினூடே கண்டு, 1933-இல் எழுதி வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ப்ராக்டர். மண்ணுக்கு எவ்வளவு சுண்ணாம்பு போதும் என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும் காரத்தன்மைச் சோதனையை 1966-இல் ஈட்ஸும் கிரிம்மும் தந்தார்கள். இவர்களுடைய முறைகள் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு சுத்தியல், காரத்தன்மையை அளக்கும் ஒரு பி.எச். மீட்டர் இருந்தால் போதும். சாலையோரக் கொட்டகையிலேயே எங்களால் ஆய்வு செய்ய முடிந்தது அதனால்தான்.

தன் பொறுப்பில் இருந்த சாலையில் ஒரு துண்டை எங்களை நம்பிக் கொடுத்த பொறியாளருக்கு நன்றி. முதல் துண்டு கெட்டுப்போன பிறகு இரண்டாவதையும் கொடுத்தாரே, அது பெரிய மனசு. கெட்டுப்போனதையும் மறைக்காமல் எழுதுங்கள், அடுத்து இதைச் செய்பவர்களுக்கு அதுதான் உதவும் என்று சொன்னவரும் அவரே.

மண்சோதனைப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களை எப்படிச் சொல்வது? மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, சாலையில் சிறு குழி எடுத்து, எடுத்த மண்ணை எடைபோட்டு, அந்தக் குழியைக் காய்ந்த மணலால் நிரப்பி அதன் கொள்ளளவைக் கண்டுபிடிக்கும் முறை கேட்க எளிதாகத்தான் இருக்கும். செய்யும்போது பக்கத்தில் லாரி போனால் அதிர்வில் மணல் கூடுதலாக இறங்கிக் கணக்கு தப்பிவிடும். லாரி போகும்போது கையைத் தூக்கி "நிறுத்துங்க" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் பழக்கத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்களில் சிலரை இப்போது வேறு சாலை வேலைகளுக்கும் சோதனை செய்யக் கூப்பிடுகிறார்கள். போட்ட சாலையை விட எனக்கு இதில்தான் சந்தோஷம் அதிகம். அந்தச் சாலை ஒருநாள் தேய்ந்துவிடும். இவர்கள் கையில் இருக்கும் தொழில் அடுத்த சாலைக்கும் போகும்.

சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். வெயிலில் கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மூட்டை பிரித்துப் பரப்பிய தொழிலாளர்கள் ஒரு நாள்கூட அவற்றைக் கழற்றவில்லை. காற்று எழும்பினால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையை மேஸ்திரியிடம் விட்டிருந்தோம். அவர் அதைத் தயங்காமல் பயன்படுத்தினார். யாருக்கும் ஒரு காயமும் இல்லாமல் வேலை முடிந்ததற்குக் காரணம் அவர்கள்தான்.

அப்புறம், சாலையை இரண்டு முறை மூடியபோதும் சுற்றுவழியில் போய்வந்த மக்களுக்கு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேற்றில் நடந்தீர்கள். கோபம் வந்தது, நியாயம்தான். ஆனாலும் மழை பெய்த ஒவ்வொரு இரவும் தண்ணீர் எங்கே தேங்கியது என்று மறுநாள் காலையிலேயே வந்து இடத்தைக் காட்டினீர்கள். ஓரக்கால்வாயை நாங்கள் ஆழப்படுத்தியது நீங்கள் காட்டிய இடங்களை வைத்துத்தான்.

அளவுத்தாள்கள், தோற்ற துண்டின் படங்கள், பயிற்சிக் குறிப்புகள் எல்லாவற்றின் நகலும் வேண்டுபவர்களுக்குக் கிடைக்கும். அடுத்த மழைக்குப் பிறகு திரும்பவும் அளக்க வருகிறோம். நேர்கோலைக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறோம். வளையாமல் படுக்கவைத்தே வைத்திருங்கள்.

மிக்க நன்றியுடன்,
சாலை ஆய்வுக் குழுவின் சார்பில்